மைன்

கரடிப்போக்குச் சந்தியில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்,
மூன்று மாதத்தில் டொச்.
பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.
மூன்று மாதத்தில் நாங்கள் அம்பகாமத்தில்
ஒரு வலைப்பந்துத் திடல் அளவும் முடிக்கமாட்டோம்.

முதல் நாள், முதல் சொல்: மைன்.
இருபது வயதுப் பிள்ளைகள்
திருப்பித் திருப்பிச் சொன்னார்கள், மைன், மைன்.
என் முழங்கால் மட்டும் மேசைக்கடியில்
தானாக விறைத்துக்கொண்டது.
"என்னுடைய எண்டு அர்த்தம் அக்கா" என்றாள்
நிரோஜினி ரீச்சர், என்னிலும் பதினொரு வயது இளையவள்.
மைன் நாம.
என்னுடைய பெயர்.

நாம என்பதைப் பாடமாக்கத் தேவையிருக்கவில்லை.
நம மொக்கத என்று கேட்டவர்களிடம்
முள்வேலிக்குள் ஒரு மொழியை
இதைவிட விரைவாகப் படித்தவள் நான்.
மூன்று கிழமை. வகுப்பில்லை, கொப்பியில்லை.
பெயர் என்ன, எத்தனை பேர், தண்ணீர், பின்னால் போ.

ஆறரைக்குத் தலைக்கவசம், நீல அங்கி, முகமறைப்பு.
கண்ணாடிக்குள் என் வாய் அசைவதைப் பார்த்து
மந்திரமோ என்றான் கஜமுகன்.
டெர், டி, டஸ்.
கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்,
கத்தி இரண்டுமில்லை.
சிறுமி அஃறிணையாம்.
அதற்கு வகுப்பில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்,
பிறகு பஸ்ஸில் நெடுநேரம் சிரிக்கவில்லை.

மண்ணை விரலால் வழித்து, சிவப்புக் கம்பை நகர்த்தி,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
கருவி கத்தினால் மூச்சைப் பிடித்து
முதலிலிருந்து.
அவசரப்பட்ட ஜெயவதனிக்கு இப்போது
ஒற்றைச் செருப்புத்தான் தேய்கிறது.
மாலை ஐந்துக்கு அதே கையால்
ஒரு பக்கத்துக்கு நாற்பது சொல்.

என் சொல்லை நானே தேடினேன், இரவில், போனில்.
மிதிவெடி: டி மீனெ.
பெண்பால்.
யாரையோ செல்லமாய்க் கூப்பிடுவதுபோல, மீனே.
பேனைக்குள் மைக்குச்சிக்கும் அதே சொல்தான் என்று
கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஒரே ஒரு நாள் வகுப்பில் முந்தினேன்.
வைல் என்றால் ஏனென்றால்;
வைல் வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும்.
ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் நடுவிலேயே தடக்குப்பட்டார்கள்.
நான் தமிழில் நினைத்து, வினையைக் கடைசியில் இருத்தினேன்.
சரி.
"சோதனைக்கு இது வராது" என்றாள் ரீச்சர்.

டோட்முண்டில் நகுலேஸ்வரனுக்கு அதைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம்.
"பதினாறு வருசத்தில வைல் எண்ட சொல்லை
நான் பாவிச்சதே இல்லையப்பா.
எங்கட குசினியில ஆர் காரணம் கேக்கிறது?"

பெயர், வயது, நாடு, மொழிகள், தொழில்.
கொழும்பில் குளிரூட்டிய அறை, எதிரே வெள்ளைக்காரி.
ஹவுஸ்ஃபிறாவ் எண்டு சொல்லுங்கோ அக்கா,
கேள்வி குறையும் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.
மொழிகள் என்ற இடத்தில் சிங்களத்தையும் சொன்னேன்.
பெறூஃப்?
மீனன்றொய்மரின் என்றேன்.
றொய்மன்: வெளியாக்குதல். அறையை ஒதுக்கவும்
அந்த வினைதானாம்.

அவள் பேனை நின்றது.
"பிட்டெ?"

மறுபடி சொன்னேன், இம்முறை எங்கள் வேகத்தில்.
மீ.
நன்.
றொய்.
ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து.

பக்கத்துப் பிள்ளை ஹவுஸ்ஃபிறாவ் என்றாள்,
தடங்கலே இல்லாமல்.
வெள்ளைக்காரி குனிந்து எங்கள் இருவரைப் பற்றியும்
ஏதோ எழுதத் தொடங்கினாள்.
தாளின் மேல் அந்தச் சின்ன மீனெ
சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.